என் பேரில் நடந்த கிரிவலம்

கால் கட்டை விரலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றி உதறிப் பார்த்தேன், எறும்பு இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அந்த ஊர்தல் இரண்டு பாதத்துக்கும் பரவியிருந்தது. நாள் பூராவும் நின்றால் அப்படித்தான் என்று வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு டி.வி. பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் குளியலறைப் படியில் ஏற முடியவில்லை. ஒரே ஒரு படி. கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

பத்து நாளைக்கு முன்னால் எனக்கு வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இந்த நோய் வந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உதவட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நோயை மட்டும் எழுதினால் பாதிப் பொய் ஆகிவிடும். இது ஒரு பொறாமைக்காரியின் கதையும்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று உருக வேண்டாம்.

என் பேர் விஜயா. வயது நாற்பத்தொன்பது. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். திருவண்ணாமலை டவுனில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறார். அவருக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். அங்கே நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவருடைய தம்பியும் தம்பி மனைவி செல்வியும். செல்வி எனக்கு ஓரகத்தி. என்னைவிட ஆறு வயது சின்னவள், பத்தாவது ஃபெயில்.

ஆஸ்பத்திரி வாசலில் என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். தள்ளிக்கொண்டு போன ஆள் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். “நீங்க செல்வியக்காவோட ஓரகத்திதானே? நான் கீழ்பென்னாத்தூர்தாம்மா” என்றார். இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வு மங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலைமையிலும் வயிறு எரிந்தது. இருபத்தாறு வருஷமாக டீச்சராக இருக்கிறேன், அந்த வீட்டுக்கு மூத்த மருமகள் நான். ஆனால் அந்த ஊரில் நான் யார் என்றால் செல்வியோட ஓரகத்தி. எனக்கு மாவட்ட அளவில் பாராட்டுப் பத்திரம் கிடைத்தபோது கூட ஒரு அம்மா, “செல்விக்கு ரொம்ப சந்தோஷமா இருக்குமே” என்றாள். எனக்குக் கிடைத்த பத்திரத்துக்கு அவளுக்கு எதற்கு சந்தோஷம்?

நோயைச் சொல்கிறேன். இளவயது டாக்டர் ஒருத்தர் சின்னச் சுத்தியலால் என் முட்டியில் தட்டினார். சாதாரணமாகத் தட்டினால் கால் துள்ளும். என் கால் துள்ளவில்லை. இன்னொரு முறை தட்டினார். அவர் முகம் மாறியது. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவடத்து நீரை எடுத்தார்கள். கை கால்களில் லேசாகக் கரண்ட் விட்டு நரம்பு அதை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று பார்த்தார்கள். சுளீர் சுளீரென்று அடிக்கும், தாங்கக்கூடியதுதான். மறுநாள் டாக்டர் வந்து “கில்லன் பாரி சிண்ட்ரோம்” என்றார்.

“ஒயருக்கு மேல பிளாஸ்டிக் உறை இருக்குல்ல டீச்சர், அது மாதிரி நரம்புக்கும் ஒரு உறை இருக்கு. ஒங்களுக்கு வயித்துல வந்த கிருமியோட சண்டை போட ஒடம்பு படையைத் திரட்டுச்சு. கிருமி போயிடுச்சு. படை போகல. ஆளு தெரியாம சொந்த நரம்போட உறையையே கடிக்குது. கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும். எங்க நிக்கும்னு இப்ப சொல்ல முடியாது.”

“எதுவரைக்கும் ஏறும்?”

“மூச்சு விடுற தசை வரைக்கும் ஏறாம பாத்துக்கணும்” என்றார்.

தன்னையே கடித்துக்கொள்ளும் உடம்பு. கேட்டதும் எனக்கு என் குணம்தான் ஞாபகம் வந்தது. அதை யாரிடம் சொல்ல முடியும்? தலையை மட்டும் ஆட்டினேன்.

அதற்கு மருந்து இம்யூனோகுளோபுலின். பல பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்து எடுப்பது. ஐந்து நாள் தொடர்ந்து சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். விலையைக் கேட்டு என் வீட்டுக்காரர் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆசிரியர்களுக்கான காப்பீடு பெரும்பகுதியைத் தாங்கியது. மீதிக்கு என் வளையல்கள் அடகுக்குப் போயின என்று பிறகுதான் தெரியும். முகம் தெரியாத எத்தனையோ பேரின் ரத்தம் எனக்குள் இறங்குகிறது என்று அன்றைக்கு நினைத்துப் பார்த்திருக்கலாம். நான் நினைத்தது வேறு. இதே நோய் செல்விக்கு வந்திருந்தால் ஊரே இந்த வாசலில் நின்றிருக்கும் என்று நினைத்தேன்.

மூச்சுத் தசையைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஆழ மூச்சு இழுத்து, விடாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். நல்ல உடம்பு முப்பது, நாற்பது வரை போகும். கணக்கு டீச்சருக்கு இது ஒரு சோதனையா என்று முதல் நாள் சிரித்துக்கொண்டே இருபத்தெட்டு வரை எண்ணினேன். மறுநாள் இருபத்தொன்று. அதற்கு மறுநாள் பதினாறு. கை விரல்களும் மடங்கவில்லை. பத்துக்குக் கீழே போனால் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். பதினாலில் வந்து நின்றது. அந்தப் பதினாலைச் சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐ.சி.யு.வில் ஆறு நாள் அப்படிப் போனது.

செல்வி இரண்டாம் நாளே வந்துவிட்டாள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற நேரம். ஆள் கிடைக்காமல் ஊரே திண்டாடுகிற பருவத்தில் நிலத்தை அப்படியே விட்டுவிட்டு ஒயர் கூடையோடு பஸ் ஏறி வந்திருந்தாள். என்னை வார்டுக்கு மாற்றியதும் துணைக்கு இருப்பவருக்கான பாஸை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். என் மகள் ரம்யா சென்னையில் வேலையில் இருக்கிறாள், வார்டுக்கு மாற்றிய அன்று வந்து பார்த்தாள். “சித்தி இருக்காங்கல்லம்மா, எனக்குப் பயமே இல்ல” என்று சொல்லிவிட்டு மறுநாள் கிளம்பினாள். பெற்றவளுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

செல்வி என்னைக் குழந்தை போலப் பார்த்துக்கொண்டாள். இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பாள். படுத்த படுக்கையில் இருந்தால் முதுகில் புண் வந்துவிடும். கஞ்சியை ஆற வைத்து, தாடையைத் தூக்கி, ஒவ்வொரு கரண்டியாக விழுங்கினேனா என்று பார்த்துப் பார்த்து ஊட்டுவாள். விழுங்கும் தசையும் தளர்ந்திருந்ததால் அவசரப்பட்டால் புரையேறும். பெட்பேன் வைத்து எடுத்துக் கழுவுவாள், முகம் சுளிக்க மாட்டாள். அவள் முகம் சுளித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபப்படக் காரணம் கிடைத்திருக்கும். அவள் கை என் மேல் பட்டபோதெல்லாம் நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவள் விரல் மடங்குகிறதே, என் விரல் மடங்கவில்லையே என்று அவளுடைய விரல்கள் மேல்கூடப் பொறாமை.

என் பக்கத்துக் கட்டிலில் முனியம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் அகல் விளக்கும் கற்பூரமும் விற்கிறவள். சர்க்கரை நோய். வெறுங்காலோடு நடந்து முள் குத்தியதே தெரியாமல் பாதம் சீழ் பிடித்துவிட்டது. சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி செத்துவிடும், முள்ளோ கண்ணாடியோ குத்தினால் தெரியாது. காலைத் தூக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு கையில் சதா டிரிப்ஸ். மகன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவன், வரவில்லை. துணைக்கு யாருமில்லை.

செல்வி என்ன செய்தாள் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். எனக்கு ஊட்டி முடித்ததும் திரும்பி அவளுக்கும் ஊட்டினாள். எனக்குத் தலை வாரிவிட்டு அதே சீப்பால் அவளுக்கும் வாரினாள். மூன்றே நாளில் வார்டு முழுக்க “செல்வி, செல்வி” என்று கூப்பிட ஆரம்பித்தது. கடைசிக் கட்டில் பெண்ணுக்கு வெந்நீர், நடுக் கட்டில் அம்மாவுக்கு மாத்திரை வாங்கக் கடைக்கு ஓட்டம். எனக்கு வந்த பொறாமை இப்போது திரும்பிப் படுத்தது. அதுவரைக்கும் அவள் மேல் பொறாமை. இப்போது அவளை மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்களே என்று பொறாமை. என் ஓரகத்தி, எனக்காக வந்தவள், என் பாஸ்.

பௌர்ணமி வந்தது. மத்தியானமே செல்வி என் காதருகில் குனிந்து, “அக்கா, சாயந்திரம் பெரிய மாமா வந்து வெளிய உக்காந்துனு இருக்கட்டும். ஆயாம்மா கிட்ட சொல்லிட்டேன். நான் ஒங்க பேருக்கு ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்” என்றாள். பெரிய மாமா என்று அவள் சொல்வது என் வீட்டுக்காரரை.

எங்கள் ஊரில் இது வழக்கம். படுக்கையில் இருப்பவரால் நடக்க முடியாது என்பதால் அவர் பேரைச் சொல்லி இன்னொருவர் மலையைச் சுற்றி வருவார். வழியில் எட்டு லிங்கம். ஒவ்வொன்றிலும் நின்று பேரையும் நோயையும் சொல்லி, ஒரு சிட்டிகை விபூதியைப் பேப்பரில் மடித்துக்கொண்டு வர வேண்டும். பதினாலு கிலோமீட்டர், செருப்பில்லாமல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவள் எனக்கென்று, எனக்கு மட்டும் என்று ஒன்று செய்யப் போகிறாள் என்று தோன்றியது.

அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. “செல்விப் பொண்ணு, என் கடை வழியாத்தான போவ? என் பேரையும் ஒரு வார்த்த சொல்லிடும்மா.”

“அதுக்கின்னா, சொன்னா போச்சு” என்று செல்வி முந்தானையைச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விடிந்து ஏழு மணிக்கு வந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. எட்டுப் பொட்டலங்களையும் ஒன்றாகக் கொட்டி என் நெற்றியில் பட்டையாகப் பூசினாள். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அதே பேப்பரிலிருந்து முனியம்மா நெற்றியிலும் பூசிக்கொண்டிருந்தாள்.

“எட்டு லிங்கத்துலயும் ரெண்டு பேரு பேரையும் சொல்லிட்டேன்” என்றாள், பெரிய வேலை முடித்தவள் போல.

“யாரு பேரை மொதல்ல சொன்ன?”

“இன்னாக்கா இது, ஞாபகம் இல்லியே. கூட்டம் ஜாஸ்தி, தள்ளிக்கினே போறாங்க. வாயில வந்ததச் சொன்னேன்.”

ஞாபகம் இல்லையாம்! எனக்கு உச்சி முதல் கொதித்தது. பின்னக் கணக்கு டீச்சர் இல்லையா, மனசு உடனே வகுத்துவிட்டது. எட்டு லிங்கத்தில் எனக்கு நாலு. பதினாலு கிலோமீட்டரில் எனக்கு ஏழு. ஏழு கிலோமீட்டர் என்றால் மலைக்குப் பின்பக்கத்தோடு சரி. அரைச் சுற்றில் யாருக்காவது குணமாகுமா? சிரிக்காதீர்கள். கையும் காலும் அசையாமல் கிடந்து பாருங்கள், உங்களுக்கும் இப்படித்தான் ஓடும்.

வழியில் அன்னதானத்தில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையோடு கொண்டு வந்திருந்தாள். எனக்கு இரண்டு கரண்டி ஊட்டினாள். முனியம்மா ஆசையாகப் பார்த்தாள். “ஒனக்கு இது ஆவாதுக்கா, சக்கர ஒடம்பு. பிரசாதம்னு நாக்குல வெச்சிக்கோ” என்று விரல் நுனியில் தொட்டு வைத்தாள். அவ்வளவுதான். மீதியைக் கடைசிக் கட்டில் பெண் சாப்பிட்டாள். இதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்.

பதினோரு மணிக்குச் செல்வி துணி துவைக்கப் போனாள். பெரிய சிஸ்டர் வந்து முனியம்மாவின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். முந்நூற்றுச் சொச்சம் காட்டியது. புண்ணில் சீழ் இருந்தாலே அப்படி ஏறும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. “என்னம்மா தின்னே?” என்று அதட்டினார். முனியம்மா அரைத் தூக்கத்தில் முனகினாள். சிஸ்டர் என் பக்கம் திரும்பி, “டீச்சர், நீங்க பாத்தீங்களா?” என்றார்.

“ஒரு தொன்னை நிறைய சக்கரைப் பொங்கல் ஊட்டினா சிஸ்டர்” என்றேன். “செல்விதான். தினமும் ஏதாவது ஊட்டிக்கிட்டே இருக்கா. சொன்னா கேக்கறதில்ல.”

வாய் கூசவில்லை. டீச்சர் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்.

அவளைக் கூப்பிட்டு எச்சரிப்பார்கள், பக்கத்துக் கட்டிலுக்குப் போகாதே என்பார்கள், அவள் முழுக்க எனக்கே கிடைப்பாள் என்பதுதான் என் கணக்கு. ஆனால் செல்வி திரும்பி வந்ததும் சிஸ்டர் அவள் கழுத்திலிருந்து பாஸைக் கழற்றி எல்லோர் முன்னாலும் கிழித்தார். “பேஷன்ட்டக் கொல்லப் பாக்கிறியா? கெளம்பு” என்றார். செல்வி ஈரத் துணியோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். உடம்பில் அப்போது எனக்கு நன்றாக வேலை செய்தவை இமைகள்தான்.

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று சாயங்காலமே புரிந்தது. அது பெண்கள் வார்டு, என் வீட்டுக்காரர் பார்வை நேரம் தவிர உள்ளே வர முடியாது. பத்துக் கட்டிலுக்கு ஒரே ஆயாம்மா. அவர் ஊற்றிய கஞ்சி கழுத்து வழியாக இறங்கி முதுகு வரை போய்க் காய்ந்தது. வீட்டுக்காரர் வந்து, “இவளுக்கு எதுக்கு ஊர் வம்பு? நல்லா திட்டி அனுப்பினேன்” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

“செல்விப் பொண்ணு எங்க டீச்சரம்மா?” என்று முனியம்மா இரண்டு நாளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். தன்னால்தான் அவள் போனாள் என்பதே அவளுக்குத் தெரியாது. “ஊருக்குப் போயிட்டா” என்றேன்.

மூன்றாம் நாள் காலை. ஏழு மணிக்குச் சிஸ்டர் முனியம்மாவுக்கு இன்சுலின் போட்டுவிட்டு, “உடனே சாப்பிட்டுடணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். இன்சுலின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இறக்கும். போட்டபின் சாப்பிடாவிட்டால் அளவுக்கு மீறி இறங்கிவிடும். மூளைக்கே சர்க்கரை கிடைக்காமல் ஆள் மயங்கிவிடும். ஆயாம்மா இட்லித் தட்டை முனியம்மாவின் கால்மாட்டு ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்தார். முனியம்மாவுக்குக் கால் மேலே கட்டியிருந்தது, ஒரு கை டிரிப்ஸில். எட்டவில்லை. ஒரு முறை முயன்றாள், விட்டுவிட்டாள். செல்வி விரட்டப்படும்வரை தினமும் அந்தத் தட்டை எடுத்துக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் அவள் பேச ஆரம்பித்தாள். “அகலு பத்து ரூவா... வாங்க சாமி... நெய் வெளக்கு...” என்று கடையில் உட்கார்ந்திருப்பது போலக் கூவினாள். காலங்கார்த்தாலே ஆரம்பித்துவிட்டாளே என்று எரிச்சலில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படித் திருப்பி வைத்திருந்தேன் என்று சரியாகத் தெரியவில்லை. அந்த நேரத்தை இப்போதும் எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஜாக்கெட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நெற்றி வியர்வையில் விபூதி கரைந்து ஓடியது. கண் மேலே செருகி, கை வெடுக் வெடுக்கென்று இழுத்தது.

வார்டில் எழுந்து ஓடக்கூடியவர் யாருமில்லை. மற்ற கட்டில்களின் துணைகள் வெந்நீர் வரிசையில். மணி அடிக்கும் பொத்தான் என் கைக்கு ஒரு முழம் தள்ளி, ஆனால் அந்தக் கை நகராது. எனக்கு இருந்தது பதினாலிலிருந்து பதினாறுக்கு ஏறியிருந்த மூச்சு மட்டும். இழுத்துப் பிடித்துக் கத்தினேன். என்ன கத்தினேன் தெரியுமா? “செல்வீ!” என்று கத்தினேன். அவளை விரட்டியவள் நான்தான், அவள் கீழ்பென்னாத்தூரில் இருக்கிறாள் என்பதும் தெரியும். வாயில் வேறு பேர் வரவில்லை. மூச்சு தீர்ந்து, மறுபடி இழுத்து, மறுபடி “செல்வீ!” நாலாவது முறைக்குக் கடைசிக் கட்டில் பெண்ணின் அம்மா வெந்நீர்ச் சொம்போடு எட்டிப் பார்த்தாள். நான் கண்ணாலேயே பக்கத்துக் கட்டிலைக் காட்டினேன். அவள் சொம்பைப் போட்டுவிட்டு ஓடினாள்.

சிஸ்டர் வந்து பார்த்தபோது சர்க்கரை முப்பதைத் தொட்டிருந்தது. குளுக்கோஸை நேராக நரம்பில் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் முனியம்மா கண் திறந்து, “இட்லி ஆறிப்போச்சா?” என்றாள். சிஸ்டர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“நல்ல வேளை டீச்சர், நீங்க கத்தினீங்க. உயிரைக் காப்பாத்தினீங்க” என்றார்.

அந்தப் பாராட்டை அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் முனியம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட முயன்றாள், டிரிப்ஸ் கையோடு. தாங்க முடியவில்லை.

“சிஸ்டர், நான் சொன்னது பொய். தொன்னை இல்ல. விரல் நுனியில தொட்டு வெச்சா, அவ்ளோதான். செல்வி மேல எனக்குப் பொறாமை.”

வார்டே கேட்டது. வெந்நீர் வரிசையிலிருந்து எல்லோரும் திரும்பியிருந்தார்கள். சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றீங்க நீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்ப் புது பாஸ் எழுதினார். முனியம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள்தான் கொஞ்சம் கழித்து, “சரி வுடு டீச்சரம்மா, பொறாம யாருக்கு இல்ல? பக்கத்துக் கடக்காரிக்கு வெளக்கு வித்தா எனக்கு வயிறு எரியல?” என்றாள்.

என் வீட்டுக்காரர் போன் செய்ததும் செல்வி மத்தியானப் பஸ்ஸில் வந்தாள். கையில் செம்மண், நகக்கண்ணெல்லாம் மல்லாட்டைப் பால் கறை. அவள் கஞ்சியைக் கலக்குவதற்குள் எல்லாவற்றையும் சொன்னேன். யார் பேரை முதலில் சொன்னாய் என்று கேட்டதன் அர்த்தத்தையும் சொன்னேன்.

அவள் கரண்டியை டம்ளருக்குள் போட்டாள். ‘பரவால்லக்கா’ என்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். சொல்லவில்லை.

“நான் இன்னா மரமாக்கா? எல்லார் முன்னாடியும் கழுத்துல இருந்து கழட்டிக் கிழிச்சாங்க. பெரிய மாமா வாய்க்கு வந்தபடி திட்டினாரு. நீங்க கண்ண மூடிக்கினீங்க. அப்பவே தெரியும் எனக்கு.”

“தெரிஞ்சும் எதுக்குடி வந்த?”

“எனக்கு மட்டும் ஒங்க மேல இல்லியா? நீங்க மடிப்புக் கலையாம புடவ கட்டிக்கினு பஸ் ஏறுவீங்க, நான் சேத்துல நின்னுக்கினு பாப்பேன். ஒங்களுக்குக் கை கால் வராதுன்னு பெரிய மாமா போன்ல சொன்னப்ப, ஒரு நிமிஷம்... ஒரே நிமிஷம்க்கா... நல்லா வேணும்னு வந்துடுச்சு உள்ள.” அவள் மூக்கை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். “அன்னைக்கு ராவெல்லாம் தூக்கமில்ல. அதுக்குத்தான் கூடையைத் தூக்கிக்கினு வந்தேன். அதுக்குத்தான் மலையச் சுத்துனேன். ஒங்களுக்கு மட்டும்னு நெனச்சீங்களா?”

அப்படியென்றால் அந்தச் சுற்றில் அவளோடு சேர்த்து மூன்று பேர். இந்தத் தடவை வகுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

“இன்னும் இருக்கா அது?” என்று கேட்டேன்.

“இருக்குதான். மனசு சரியாவட்டும்னு காத்துனு இருந்தா ஒங்களுக்கு யாரு கஞ்சி ஊட்டுறது? வாயத் தொறங்க, ஆறிப்போவுது.”

திறந்தேன். கஞ்சியில் உப்பு கம்மியாக இருந்தது, சொல்லவில்லை.

இந்த நோய் வந்த வழியே திரும்பிப் போகும். கடைசியாகப் போனது முதலில் வரும். முதலில் மூச்சு. எண்ணிக்கை இருபது ஆனது, முப்பது ஆனது. பிறகு விரல்கள். வலது கட்டை விரல் முதல் தடவை அசைந்தபோது செல்விதான் பார்த்தாள், வார்டே கை தட்டியது. கால் கடைசி. வாக்கரைப் பிடித்து நாலு அடி வைக்க இரண்டு மாதம் ஆனது. இந்த நோய் வந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வரும், ஆனால் அவசரப்படுத்த முடியாது, தசைப் பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள். கால் மரத்துப்போய் அந்த மரப்பு மேலே ஏறினால் வெந்நீர் வைத்துக்கொண்டு டி.வி. பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

முனியம்மாவுக்குப் பாதத்தில் இரண்டு விரலை எடுத்தார்கள், கால் தப்பித்தது. இப்போது செருப்புப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறாள். செல்வி என்னோடு இருந்த நாட்களில் மழை பெய்து, பிடுங்காமல் விட்ட மல்லாட்டை நிலத்துக்குள்ளேயே முளைத்துவிட்டது. அவள் என்னிடம் சொல்லவேயில்லை. வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. போன வாரம் ரம்யா போன் செய்து எடுத்ததும், “சித்தி எப்படி இருக்காங்க?” என்றாள். சுருக்கென்றது. ‘எனக்கு எப்படி இருக்குன்னு கேளுடி’ என்று கத்த வந்தது. “நல்லா இருக்கா, கூப்பிட்டுப் பேசு” என்றேன். கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் சொன்னேன்.

தசைப் பயிற்சிக்காக வாரம் ஒரு நாள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பயிற்சி முடிந்ததும் பெரிய சிஸ்டரிடம் போய் நிற்பேன். துணைக்கு ஆளில்லாத கட்டில் எது என்று அவர் சொல்வார், பாஸைக் கொடுப்பார். கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் என்னை ஒரு பார்வை பார்ப்பார், அதை வாங்கிக்கொள்கிறேன். என் கை இன்னும் லேசாக நடுங்கும். பாதிக் கரண்டி கஞ்சிதான் வாய்க்குப் போகும், பாதி துண்டில் விழும்.

நேற்று நான் படுத்திருந்த அதே கட்டிலில் ஒரு பெண். இடுப்பு எலும்பு முறிந்து அசையாமல் கிடக்கிறாள். கட்டியவன் இல்லை, பிள்ளைகள் எங்கேயோ. இட்லியைச் சாம்பாரில் பிசைந்து முதல் கரண்டியை நீட்டினேன். என் நடுங்கும் கையைப் பார்த்தாள், வாக்கரைப் பார்த்தாள், பிறகு சந்தேகமாக என் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்க யாரும்மா?”

பேரைச் சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். டீச்சர் என்றும் சொல்லியிருக்கலாம்.

“நான் செல்வியோட ஓரகத்தி” என்றேன்.

“எந்தச் செல்வி?”

“சொல்றேன். மொதல்ல வாயத் தொறங்க, ஆறிப்போவுது.”